பன்மாகேசுவர ரக்ஷையும் நியாயஸ்தல வரம்பும்

சோழமண்டலத்துச் சிவாலயச் சுவர்களிற் பொறித்துள்ள தான சாசனங்களைப் பயின்ற அன்பர்கள், அவற்றுட் பலவற்றின் ஈற்றில் ‘பன்மாகேசுவர ரக்ஷை’ என்னும் தொடர் நிற்கக் கண்டிருப்பர். நுந்தா விளக்கொன்று எரித்தற்குத் தொண்ணூறு ஆடு விட்டவனும், திருவமுதுக்கு வேலிக் கணக்கில் நிலம் விட்ட அரசனும் தத்தம் தருமத்தை யாரிடத்து ஒப்புவித்தனர் என்பதை அத்தொடர் தெரிவிக்கின்றது. மாகேசுவரராவார் மகேசுவரனை வழிபடும் அடியார். பன்மாகேசுவரர் என்பது அவ்வடியார் அனைவரையுங் குறிக்கும். ரக்ஷையாவது காப்பு. ஆகவே, கோயிற் பொருளுக்கு ஊறு நேருமிடத்து, ‘இதனைச் செய்ய உனக்கு அதிகாரம் இல்லை’ என்று தடுத்துரைக்கும் உரிமையும் கடமையும் அடியார் எல்லார்க்கும் உண்டென்பது அதன் கருத்தாம். இன்ன ஊரார், இத்தனை ஆண்டுக்குள், இன்னார் அநுமதி பெற்று என்னும் எல்லை யாதும் அத்தொடரின்கண் இல்லை.

அக்காலத்தில் ஒவ்வோர் அடியாரும் தனித்தனியே அரசவாயிலிற் சென்று முறையிட்டனர் என்று யாம் கூறவில்லை. ஊர்ச்சபையும் ஸ்ரீகாரியஞ் செய்வாரும் கோயிற் காரியங்களை நடத்தினர்; அரசன் அதிகாரிகள் கணக்கை ஆராய்ந்தனர். ஆயினும், செய்தது முறையோ என்று கேட்கும் உரிமை எங்கே தங்கியது என்று வினாவின், சாசனங் கூறும் விடை அதுவே. சொத்துக்கு உடையவர் சிவபெருமான். கோயிலுக்கு நிலம் வாங்குதலும், வேண்டுமிடத்து விற்றலும் ஆதிசண்டேசுவரர் திருப்பெயரால் நிகழ்ந்தன. சண்டேசுவரப் பெருவிலை என்று கல்வெட்டுக்களிற் காணப்படுவது இத்தகைய விலையையே. இன்றும் வழிபடுவோர் சண்டேசுவரர் சந்நிதியிற் கையைத் தட்டிக் காட்டுவது, ‘ஈசன் பொருளில் யாதொன்றும் எடுத்துச் செல்கின்றேனல்லேன்’ என்று கணக்கொப்பித்தலே என்று மடத்திற் பயின்ற நாளில் எம் ஆசிரியர் கூறக் கேட்டுள்ளேம்.

ஆங்கில ஆட்சியில் நியாயஸ்தலங்கள் ஏற்பட்ட பின்னர் இவ்வுரிமை என்னவாயிற்று? மடாதிபதியோ தர்மகர்த்தாவோ தமக்கில்லாத அதிகாரத்தைக் கொண்டு நிலத்தைப் பிறர்க்கு விட்டுவிடின், அதனை மறுத்துக் கேட்பவர் யார், எவ்வழியாற் கேட்பது, எத்தனை ஆண்டுக்குள் கேட்பது என்னும் மூன்று வினாக்களுக்குச் சட்டம் விடை கூறிய வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். வக்கீல்மார் புத்தகங்களிற் கிடக்குஞ் செய்தியாயினும், மாகேசுவர பூசையும் திருமுறை ஓதுதலும் நந்தவனமும் எந்நிலத்தின் விளைவால் நடைபெறுகின்றனவோ அந்நிலத்தைப் பற்றியதாகலின், சைவர் அறியற்பாலதே.

ஆங்கில நாட்டிலும் இவ்வினா பழமையானது. தாமஸ் ஸட்டன் என்னும் பெருஞ்செல்வர் இலண்டனில் வறிய முதியோர்க்கு ஒரு விடுதியும் சிறுவர்க்கு ஒரு பள்ளியும் அமைதற்குப் பொருள் வைத்து 1611-ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய வாரிசு, ‘இத்தருமச் சபை முறைப்படி பிறக்கவே இல்லை, ஆதலின் பொருளைப் பெறுதற்கு அதற்கு அதிகாரமும் இல்லை’ என்று வழக்காடினார். 1612-இல் நீதிபதிகள் சபையின் பக்கமே தீர்ப்புக் கூறினர். அவ்வழக்கை எழுதிவைத்த ஸர் எட்வர்டு கோக் என்பார், இத்தகைய சபை கட்புலனாகாதது, சாவில்லாதது, ஆன்மாவும் இல்லாதது என்னும் கருத்துப்பட விளக்கியுள்ளார். சாவில்லாத ஆள் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. விளக்குக்கு விட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று நம் முன்னோர் எழுதினர். ஆடு இறப்பினும் எண் இறவாது. ஆன்மா இல்லாத ஆள் என்பதுதான் சித்தாந்திகட்கு வியப்பாகும். பதி பசு பாசம் என்னும் மூன்றனுள் அதனை எதன்கண் அடக்குவதென்று ஆராய்தற்கு இடமுண்டு. அது நிற்க.

அரசனது பட்டயத்தாற் பிறந்த சபைக்கு மனிதன் ஒருவனுக்குப் போலப் பரந்த அதிகாரம் உண்டென்பது கோக் காட்டிய நெறி. சட்டத்தாற் பிறந்த கம்பெனிகள் பெருகிய பின்னர் நெறி வேறாயிற்று. 1875-இல் இரயில் வண்டிகள் செய்யும் கம்பெனியொன்றின் வழக்கில், தன் நோக்கப் பத்திரத்திற் குறித்த தொழிலுக்கு அப்பால் அக்கம்பெனி செய்த உடன்படிக்கை செல்லாது என்றும், பங்காளிகள் எல்லாரும் ஒருமித்து இசைந்தாலும் செல்லாது என்றும் இலண்டன் பிரபுக்கள் சபை தீர்த்தது. இது வாணிகத்தைப் பற்றியது. தருமப் பொருளிலோ, தவறு நேர்ந்தவிடத்து வழக்குத் தொடுப்பவர் அரசன் சார்பில் நிற்கும் அட்டர்னி ஜெனரல் என்பதே அந்நாட்டு மரபு. குடிமக்களுள் ஒருவர் தாமே எழுந்து வினாவுதல் அங்கே பொதுவிதியன்று. அம்மரபு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தமையே பின்னர்க் கூறப்போவன பலவற்றுக்குங் காரணமாம்.

சென்னை இராஜதானியில் 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ரெகுலேஷன்படி கோயில் மடங்களின் சொத்துக்களை மேற்பார்க்கும் பொறுப்பு ரெவினியூ போர்டாரைச் சார்ந்திருந்தது. கிறிஸ்தவ அரசாங்கம் பிறசமய ஆலயங்களை நடத்துதல் தகாதென்று பாதிரிமார் முழங்கிய முழக்கத்தின் பயனாக அரசாங்கத்தார் கைவிட்டனர். 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் அக்கைவிடுதலை முடித்து வைத்தது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு நன்மை இருந்தது. கோயில் வழிபாட்டிற் பற்றுடையார் எவரும், பிறரைச் சேர்த்துக்கொள்ளாமலே, தர்மகர்த்தாவின் குற்றத்தைக் குறித்து வழக்கிடலாம் என்று அதன் 14-ஆம் பிரிவு கூறிற்று. அப்பற்று பொருளாசை பற்றியதாகவோ நேரானதாகவோ இருக்கவேண்டுவதில்லை. வழிபடும் உரிமையோ வழிபட்டுவரும் வழக்கமோ இருப்பிற் போதுமென்று 15-ஆம் பிரிவு விரித்தது. 18-ஆம் பிரிவு ஒரு வாயிற்காவலை வைத்தது: வழக்கிடுமுன் கோர்ட்டாரின் உத்தரவு பெறுதல் வேண்டும். பன்மாகேசுவரருள் ஒருவர், ஒரு கதவைத் தட்டிவிட்டு உள்ளே புகலாம் என்னும் அளவில் அன்று நிலைமை இருந்தது. எனினும் அச்சட்டத்தின்படி வினாவக் கூடியது தர்மகர்த்தா முதலியோரையே. நிலத்தை வாங்கிக்கொண்டு போனவரை அன்று.

1877-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 539-ஆம் பிரிவாகப் புகுந்து, 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 92-ஆம் பிரிவாக அமைந்தது மற்றொரு வழி. பொதுத் தருமத்தில் முறைகேடு நிகழின், அட்வகேட் ஜெனரலாவது, அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற்ற இருவர் அல்லது அவரின் மிக்காராவது வழக்கிடலாம். அவ்விருவர் அத்தருமத்திற் பற்றுடையராதல் வேண்டும். பற்றென்பது யாது? 1919-இல் சென்னை ஐகோர்ட்டின் முழு ஆயத்தின்முன் இவ்வினா எழுந்தது. இந்துவாய்ப் பிறந்தமையால் எக்கோயிலிலுஞ் சென்று வழிபடும் உரிமை உண்டென்பது மட்டும் போதாது, அக்கோயிலொடு மெய்யாய தொடர்பு வேண்டும் என்னும் முடிபே மேலோங்கியது. தொலைவிலுள்ளார் கட்சி காரணமாகத் தர்மகர்த்தாக்களை ஊர்தோறும் இழுத்தடித்தலைத் தடுத்தற்கு இக்காவல் வேண்டுமென்றனர். அக்காரணத்தை யாம் முழுதும் மறுப்போமல்லேம். பொறாமையாற் போட்ட பிராதுகளாற் கோயில் நிதி கரைந்ததும் உண்டு. ஆயினும் காசியிலிருந்து வந்த சிவனடியார் திருவாரூர் நிலம் பறிபோவதைக் கண்டால் அவர்க்கு அதிற் பற்றில்லை என்று கூறுவது, பன்மாகேசுவரர் என்று கல்லில் எழுதியவர் நெஞ்சத்துக்கு எத்துணை அயலானது!

இனி, மறுத்துக் கேட்பதற்கு இலக்காய அதிகாரத்தின் எல்லையை நோக்குவோம். மடாதிபதிக்கு மடத்துச் சொத்தில் உள்ள உரிமை எத்தகையது? 1879-இல் சம்பந்த பண்டாரம் என்பார்க்கும் செல்லப்ப செட்டி என்பார்க்கும் நிகழ்ந்த வழக்கில் சென்னை ஐகோர்ட்டார் இதனை அளந்து கூறினர். சொத்து பதவியைச் சார்ந்தது. அப்பதவியில் அமர்ந்தார்க்கே செல்வது. தலைவர்க்கு அதன்மேற் பேரதிகாரம் உண்டு. ஆனால் மடத்தின் நோக்கத்துக்குப் புறம்பாகச் செலவிடலாகாது. மடத்தின் காரியத்துக்காக அவர் வாங்கிய கடன் பின்வரும் தலைவரையும், அவர் பெற்ற மடத்துப் பொருளின் அளவுக்குப் பற்றும். கடன் கொடுத்தவர், ‘இது மடத்துக்கென்று வாங்கியது’ எனக் காட்டவேண்டும் என்பது இதனாற் போதரும்.

கடன் கொடுப்பார்க்கும் ஒரு காப்பு இருந்தது. சிறுவன் ஒருவனது சொத்தை நடத்திய தாயைப் பற்றிய ஹனுமான் பர்ஷாத் வழக்கில், 1856-இல், இலண்டன் பிரிவி கவுன்சிலார் ஒரு விதி வகுத்தனர். கொடுப்பவர், உண்மையான தேவை இருக்கின்றதா என்று நேர்மையாக விசாரித்தறிந்தாராயிற் போதும். கொடுத்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று அவர் பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டுவதில்லை. இவ்விதி 1875-இல் தேவாலய நிலங்களுக்கும் விரிக்கப்பட்டது. இது நியாயமே. மழை பொய்த்த ஆண்டிற் பூசைக்கென்று நெல் கடன் கொடுத்த வணிகனை நாற்பது ஆண்டின்பின், ‘உன் பத்திரம் செல்லாது’ என்று விரட்டுவது சிவதருமமாகாது. அதிகாரத்தை மறுத்துக் கேட்கும் உரிமைக்கு முதல் வரம்பு இங்ஙனம் நேர்மையிலிருந்தே பிறந்தது.

கோயில் நிலத்தை மாறா வாரத்துக்குச் சாசுவதக் குத்தகையாக விடலாமோ என்பது வேறு வினா. 1869-இலேயே பிரிவி கவுன்சிலார் வங்காளத்து வழக்கொன்றில் இதனைக் கடமை தவறுதல் என்றனர். பின்னர் 1917-இல், தெய்வசிகாமணி பண்டாரசந்நிதிக்கும் பழனியப்ப செட்டிக்கும் நிகழ்ந்த வழக்கில் அட்கின்ஸன் பிரபு, தருமத்தின் நன்மை என்னுஞ் சொல்லுக்குப் பொருள் வரையறுத்தார். சொத்து அழியாமற் காத்தல், பகைவர் தொடுத்த வழக்கினின்று மீட்டல், வெள்ளத்தால் வருங் கேட்டைத் தடுத்தல் போல்வனவே நன்மை. பணமாக்கி வட்டி மிகுதியாகப் பெறலாம் என்பது மட்டும் நன்மையாகாது என்பது அவர் கருத்து. என்றும் மாறாத சிறு வாரத்துக்கு நிலத்தைக் கட்டிவிடின், நெல் விலை ஏற ஏற மடத்துக்கு வருவது தேய்ந்து போம். இன்றைக்குப் பத்துப்பேர்க்கு அன்னமிடும் வாரம், நூறாண்டு கழிந்தபின் ஒருவர்க்கும் போதாது.

இடையே 1904-இல், உடுப்பியைச் சார்ந்த மாத்வ மடமொன்றின் வழக்கில், மடாதிபதி ஆங்கில முறைப்படியான டிரஸ்டி அல்லர். அந்நாட்டுப் பிஷப்பைப் போல ஓராளாய் நிற்குஞ் சபை என்று வி. பாஷ்யம் ஐயங்கார் விளக்கினார். ஒருவர் இறப்பினும் மற்றொருவர் அமர்தலாற் சபை இறவாது. இருக்கும் ஒருவர்க்கோ ஆயுட்கால உரிமையே. 1909-இல் நடராஜத் தம்பிரானைப் பற்றிய வழக்கில், மடாதிபதியை எடுத்த எடுப்பில் டிரஸ்டி என்று கொள்ளலாகாது, அந்தந்த மடத்து வழக்கத்தை ஆராய்ந்தே துணிதல் வேண்டும் என்று முழு ஆயம் கூறிற்று. பெயரைப் பற்றிய வாதம் போலத் தோன்றினும், கோடிக்கணக்கான பொருள் அப்பெயரிற் றொங்கிக்கொண்டிருந்தது. அஃது எவ்வாறென்பதை 1921-ஆம் ஆண்டின் தீர்ப்புக் காட்டும்.

அவ்வழக்கு வித்யா வாருதி தீர்த்தர்க்கும் பாலுசாமி ஐயர்க்கும் நிகழ்ந்தது. முன்னிருந்த மடாதிபதி ஒருவர் மடத்து நிலத்தைச் சாசுவதக் குத்தகைக்கு விட்டிருந்தார். அவர்க்குப் பின் வந்தவர் நிலத்தை மீட்கக் கேட்டார். காலவரையறைச் சட்டத்தின் 134-ஆம் விதி குறுக்கே நின்றது. டிரஸ்டாக வைக்கப்பட்ட நிலத்தை டிரஸ்டி விலை பெற்று மாற்றிவிடின், மாற்றிய நாள் முதற் பன்னிரண்டு ஆண்டுக்குள் மீட்டல் வேண்டும் என்பது அவ்விதி. மாற்றிய மடாதிபதி உயிரோடிருக்கும்போதே அப்பன்னிரண்டு ஆண்டுங் கழிந்துவிடலாம். தாமே செய்த தவற்றைத் தாமே மறுத்து வழக்கிடுவார் உலகில் அரியர். பின்வருபவர் பட்டத்துக்கு வருமுன்னரே கதவு அடைபட்டுப் போம். குத்தகைதாரர் பக்கத்தார் அடைந்த வலிமை இதுவே; சென்னை ஐகோர்ட்டிலும் அவர்க்கே வெற்றியாயிற்று.

பிரிவி கவுன்சிலில் தீர்ப்பெழுதியவர் ஸையத் அமீர் அலி. அச்சபையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. முஸ்லிம் தருமநூலில் வல்லவர். இந்து மடங்களின் இயல்பை இலண்டனில் எடுத்துரைக்க இறைவன் திருவுள்ளம் ஒரு முஸ்லிம் அறிஞரைத் தெரிந்தெடுத்தது என்று எண்ணுந்தோறும் எமக்கு மகிழ்ச்சியே உண்டாகின்றது. வக்பின் தன்மையை உணர்ந்திருந்தவர் ஆகலின், தருமத்துக்கு விட்ட பொருள் மனிதர் எவர்க்கும் உடைமையாகாது என்பதை அவர் எளிதில் அறிந்தார். தேவாலயத்துப் பொருள் தேவர்க்கும், மடத்துப் பொருள் மடத்துக்கும் உரியவை. தலைவர் அவற்றை நடத்துபவரே. டிரஸ்டு என்னும் ஆங்கிலச் சொல்லைப் பேச்சுவாக்கில் வழங்கினும், ஆங்கிலச் சட்டம் கருதும் டிரஸ்டு இஃதன்று. ஆகவே 134-ஆம் விதி ஈண்டுச் செல்லாது என்று தீர்த்தார்.

மேலும் ஒன்று கூறினார், அதுவே நுட்பமானது. மடாதிபதி தம் அதிகாரத்தைக் கடந்து சாசுவதக் குத்தகை விடினும், அவர் பட்டத்திலிருக்குங் காலம்வரை அது நிற்கும். அவர்க்குப்பின் வந்தவர் அறிந்தே வாரத்தைப் பெற்றுக்கொண்டால், அவர் காலத்துக்குப் புதிய குத்தகை ஒன்று உண்டானதாகக் கொள்ளப்படும். ஆகவே குத்தகைதாரரது அனுபவம் மடத்துக்கு எதிரிடையாவது, விட்டவர் காலங் கழிந்து, வந்தவரும் இசையாதபோதுதான். பட்டம் மாறுந்தோறும் வினாவும் உரிமை மீண்டும் உயிர்பெறும் என்பது இதனாற் பெறப்பட்டது. மடங்களுக்கு இது பெரும்பேறு. வாங்கினவர்க்கோ பேரச்சம். தந்தையார் காலத்திற் கிணறு வெட்டித் தென்னை வைத்து வாரமும் தவறாது செலுத்திவந்த குடியானவன், புதிய பண்டாரசந்நிதி பட்டமேறிய செய்தி கேட்டு நடுங்கவேண்டியதாயிற்று.

இவ்வச்சத்தைத் தணிக்குமாறு அடுத்த ஆண்டே வேறொரு தீர்ப்பு வந்தது. குஜராத்திலுள்ள கோயில் நிலம் ஒன்றைப் பற்றிய மக்னிராம் வழக்கில், நூறாண்டு கழிந்து, உடன்பட்டோர் யாவரும் இறந்தொழிந்து, எக்காரணத்தால் விட்டனர் என்று அறிதற்கும் இடமில்லாதபோது, முறையாகவே விட்டனர் என்று கொள்வதே தக்கது என்று 1922-இற் பிரிவி கவுன்சிலார் கூறினர். காலமே சாட்சியாயிற்று. 1923-இல் மற்றொன்று. தருமச் சொத்தொன்று நடத்துபவரது சொந்தக் கடனுக்காகக் கோர்ட்டு ஏலத்திற் போயிற்று. ஏலமெடுத்த மரைக்காயரிடமிருந்து அதனை மீட்கச் சுப்பையா பண்டாரம் என்பார் வழக்கிட்டார். மடாதிபதி தாமே விட்டதற்குரிய நெறி ஏலத்துக்குச் செல்லவில்லை. ஏலமெடுத்தவரது அனுபவம் முதல் நாளே எதிரிடையாயிற்று. நடத்துபவர் மாறினும் காலக்கணக்குப் புதிதாகத் தொடங்காது என்று தீர்த்தனர். தருமம் தோற்றது. கொடுத்தவன் அதிகாரமின்றிக் கொடுத்தாற் பட்டம் மாறியபின்னும் கேட்கலாம். அதிகாரமில்லாத கடனுக்குக் கோர்ட்டு விற்றால் பன்னிரண்டு ஆண்டே என்பது சாமானியர்க்கு விளங்காத வேற்றுமைதான்.

1921-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு மற்றொரு முனையும் இருந்தது. டிரஸ்டுச் சொத்தை டிரஸ்டியிடமிருந்து மீட்பதற்குக் காலவரையறையே இல்லை என்பது அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு. மடத்துச் சொத்து டிரஸ்டன்று என்றவுடனே, 134-ஆம் விதி நீங்கியது போலவே 10-ஆம் பிரிவின் காவலும் நீங்கிற்று. முள்ளை எடுக்கப் புகுந்தபோது வேலியும் உடன் பெயர்ந்தது. இதனைச் செப்பஞ் செய்தற்கு 1929-ஆம் ஆண்டின் 1-ஆம் சட்டம் பிறந்தது. இந்து, முஸ்லிம், பௌத்த தருமங்களின் சொத்தை 10-ஆம் பிரிவுக்கு மட்டும் டிரஸ்டாகவும், நடத்துபவரை டிரஸ்டியாகவும் கொள்க என்றது. முன்னிருந்தவர் விலை பெற்று மாற்றிய நிலத்தைப் பின்வந்தவர் மீட்டற்குப் பன்னிரண்டு ஆண்டு. அது மாற்றியவர் இறந்த நாளோ, விலகிய நாளோ, விலக்கப்பட்ட நாளோ முதல் எண்ணப்படும். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் இதனொடு, வழக்கிடுபவர் பட்டத்துக்கு வந்த நாளையுஞ் சேர்த்து, இவற்றுள் எது பிற்பட்டதோ அதுமுதல் எண்ணுக என்றது. குடியானவனுக்கும் ஓரெல்லை கிடைத்தது. மடத்துக்கும் பட்டம் ஏறியபின் கண்விழிக்க அவகாசங் கிடைத்தது. இத்துறையில் எழுந்த ஏற்பாடுகளுள் இதுவே நடுவுநிலை பொருந்தியதென்பது எம் கருத்து.

அடியார் கேட்கும் உரிமையும் மெல்ல மெல்ல விரிந்தது. 92-ஆம் பிரிவின் சம்மதம் தர்மகர்த்தாவை விலக்குதல், திட்டம் வகுத்தல் முதலிய அப்பிரிவிற் சொல்லிய பரிகாரங்களுக்கே வேண்டப்படுவது என்றும், அயலார் கைப்பற்றிய சொத்துத் தருமத்துக்கே உரியதென்று விளம்பும்படி கேட்டற்கு அச்சம்மதம் வேண்டா என்றும் 1928-இல், வக்பொன்றின் வழக்கிற் பிரிவி கவுன்சிலார் தெளிவித்தனர். இந்நெறி கோயில்களுக்கும் பயன்பட்டது. 1967-இல் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி கோ. சுப்பாராவ், ராதாவல்லபர் கோயில் வழக்கில், நடத்துபவரே தேவர்க்கு மாறாய் நின்று நிலத்தை விற்றவிடத்து வழிபடுவோர் தேவர் பெயராலேயே வழக்கிட்டு நிலத்தை மீட்கலாம் என்று தீர்த்தார். தேவர் சட்டத்தின் கண்ணிற் சிறுவரை ஒப்பர். காவலர் கைவிட்டால் அவர்க்காகப் பேச ஒருவர் வேண்டுமன்றோ? 1976-இல் 92-ஆம் பிரிவிலிருந்து அட்வகேட் ஜெனரலின் சம்மதம் நீக்கப்பட்டு, கோர்ட்டாரின் உத்தரவே போதுமென்றாயிற்று. 1863-இல் இருந்த வாயிற்காவலுக்கே, நூற்றுப் பதின்மூன்று ஆண்டு சுற்றி, மீண்டு வந்தனர்.

நம் மாகாணத்தில், நிலம் போனபின் வழக்கிடுவதினும் போகுமுன் தடுப்பதே நன்றென்று வேறொரு வழியும் வகுக்கப்பட்டது. 1927-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டமாகிய இந்து மத தர்ம பரிபாலனச் சட்டத்தில் தொடங்கி, 1951-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வளர்ந்து, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் இப்போது நிற்பது அவ்வழி. மடத்துக்கோ கோயிலுக்கோ உரிய நிலத்தை விற்றல், அடைமானம் வைத்தல், மாற்றிக்கொள்ளுதல், ஐந்தாண்டுக்கு மேற் குத்தகை விடுதல் ஆகிய இவை, தேவையென்றேனும் நன்மையென்றேனும் கமிஷனர் ஆராய்ந்து இசைந்தாலன்றிச் செல்லா. இசையுமுன் விவரத்தை விளம்பரஞ் செய்து, ஆட்சேபங்களைக் கேட்டல் வேண்டும். ஊரறியக் கூறி நடத்துதலைச் சட்டமும் வற்புறுத்துகின்றது.

இச்சட்டத்தின் 109-ஆம் பிரிவு தனித்து நோக்கற்பாலது. 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதிக்கு முன்னமே ஒருவர்க்கு உரிமையாகிவிடாத கோயிற் சொத்து, அதன்பின் காலம் போயிற்றென்னுங் காரணத்தால் எவர்க்கும் உரிமையாகாது என்று அது முதலில் இருந்தது. 2003-ஆம் ஆண்டின் 28-ஆம் சட்டம் அதனை மாற்றி, சமய நிலையங்களின் நிலத்தை மீட்குந் தாவாக்களுக்குக் காலவரையறைச் சட்டமே செல்லாது என்று எழுதிற்று. 1922-இல் காலத்தைச் சாட்சியாக ஏற்றவர் ஒரு தலை. காலத்தை வாயிலிலேயே நிறுத்தியவர் ஒரு தலை. குடியானவன் பக்கம் நின்று நோக்குவார்க்கு இது கடுமையாகவே தோன்றும். வாரஞ் செலுத்தி வாழும் ஏழைக்கும், எல்லைக்கல்லைப் பிடுங்கி வீடுகட்டிய செல்வனுக்கும் ஒரே விதி என்பது எமக்கும் முழுதும் உடன்பாடன்று. ஆயினும், பிடுங்கியவர்களே மிகுந்திருந்தமையால் இவ்விதி வேண்டியதாயிற்று என்பதையும் மறைத்தலாகாது.

முடிவாக, 34-ஆம் பிரிவின்படி ஆட்சேபங் கூறுதற்குப் பற்றுடையார் யாவர் என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு தரும் விளக்கத்தைக் காட்டி அமைகின்றோம். கோயிலாயின், அங்கே நிகழும் வழிபாட்டுக்குச் செல்ல உரிமையுடையவரும், சென்றுவரும் வழக்கமுடையவரும், அங்கே வழங்கும் பிரசாதம் முதலியவற்றைப் பெறுதற்குரியவரும் பற்றுடையார். மடமாயின், அம்மடத்துச் சீடரும், அம்மடம் சார்ந்த சமயநெறியைப் பின்பற்றுவோரும் பற்றுடையார். திருவாவடுதுறையிலோ தருமபுரத்திலோ திருப்பனந்தாளிலோ ஒரு வேலி நிலத்தை விற்பதற்கு விளம்பரம் வருமாயின், அதனைப் படித்துத் தேவையா நன்மையா என்று கேட்டுக் கமிஷனருக்கு ஒரு காகிதம் எழுதுதற்குச் சைவர் எவர்க்கும் வழியுண்டு. விளம்பரத்திற் குறித்த நாளுக்குள் அக்காகிதம் போய்ச் சேர்தல் வேண்டும்.